எப்போது கடகடக்கிறது?

பிளேன்டீயைச் சூடாகக் குடியுங்கள் தம்பி. உங்கள் மொரிஸ் மைனரில் எந்த இடம் கடகடக்கிறது என்று கேட்டீர்கள். எப்போது கடகடக்கிறது என்பதை முதலில் எனக்குச் சொல்லுங்கள். பழைய காரில் சத்தம் தகடு வழியே ஓடிவிடும். முன்சக்கரத்தில் பிறந்தது பின்சீட்டுக்கு அடியில் கேட்கும். அதனால் இடத்தைக் கண்டுபிடிக்கக் காதை மட்டும் நம்பக்கூடாது. எந்த நேரத்தில் வருகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்பவற்றை நம்பலாம்.

இந்த வண்டிக்கா இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்தது இது. 16 லட்சம் வரை செய்தார்கள். 2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியபின், 2025 வரை பழைய கார்களை வைத்திருந்தவர்கள் அவற்றைத் திருத்தித் திருத்தித்தான் ஓட்டினார்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்து விற்ற சார்ள்ஸ் வெயார், 1990களில் அவற்றுக்கான பாகங்களை இலங்கையிலேயே செய்ய ஏற்பாடு செய்தார். ஆகவே இனித் திருத்த முடியாது என்று யாரும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதலில் டிக்கியை வெறுமையாக்குங்கள். ஜெக், ஸ்பேனர், ஸ்பெயார் வீல் எல்லாம் வெளியே வரட்டும். சக்கர மூடிகளையும் கழற்றுங்கள். டன்சினன் பக்கம் தோட்டத்துப் பாதையில் போய்வந்தால் மூடிக்குள் ஒரு கல் புகுந்துகொள்வது எளிது. சக்கர நட்டுகள் இறுக்கமா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்து, காரை நிறுத்திவைத்து எஞ்சினை மட்டும் ஓட்டுங்கள். அக்சிலரேட்டரை அழுத்தும்போது சத்தமும் சேர்ந்து வேகம் கூடினால் எஞ்சின் அல்லது சைலன்சர். மேல்மூடிக்கு அடியிலிருந்து டிக்டிக் என்று வந்தால் டெப்பட் இடைவெளி கூடியிருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 0.012 அங்குலம் இருக்க வேண்டும். முன்பக்கத்தில் சரசரத்தால் டைமிங் செயினைச் சந்தேகிக்கலாம். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால், வைத்தியரின் குழாய் போல எந்தப் பக்கம் என்று காட்டிவிடும். காற்றாடியிலிருந்து கையையும் சட்டையையும் தள்ளி வையுங்கள். எஞ்சின் தாங்கும் ரப்பர் இளகிப்போனால், கிளச்சை விடும் நொடியில் எஞ்சின் சாய்ந்து புகைக்குழாய் அடித்தகட்டில் மோதும். குழாயைக் கயிற்றால் கட்டி வைப்பது தீர்வல்ல.

நின்றபடி ஒன்றும் கேட்கவில்லையா? இனி ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான். தலவாக்கலைப் பாதையில் ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமாக வரும் இடங்கள் இதற்கு நல்லவை. கண்ணாடியை இறக்கி மெதுவாகப் போங்கள். மேட்டுப்பக்கச் சக்கரத்தின் சத்தம் மண்ணில் பட்டுத் திரும்பி உரத்துக் கேட்கும். திரும்பி வரும்போது மறுபக்கச் சக்கரம் மேட்டுப்பக்கம் வந்துவிடும். இரண்டு தடவையும் எது உரத்ததென்று ஒப்பிடுங்கள். பிரேக்கை லேசாகத் தொட்டதும் சத்தம் நின்றால் பிரேக்கைப் பாருங்கள். நியூட்ரலில் விட்டுச் சோதிக்கும் வழக்கம் சிலருக்கு உண்டு, சமதரையில் செய்யலாம். தவலந்தென்னவுக்கு இறங்கும் பாதையில் ஒருபோதும் செய்யக்கூடாது, அங்கே கியர்தான் வண்டியைப் பிடித்து வைக்கிறது.

குழியில் விழும்போது மட்டும் முன்பக்கம் ‘டக்’ என்றால் நான் மிகவும் பயப்படுவது அதற்குத்தான். மைனரின் முன்சக்கரம் திரும்பும் கிங் பின்னின் மேலும் கீழும் மரை வெட்டிய ட்ரனியன் இருக்கிறது. கிரீஸ் காய்ந்து, மழைச்சேறு புகுந்தால் அந்த மரை தேயும். தேய்ந்து முடிந்த நாளில் பின் அதிலிருந்து கழன்று, சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடிந்துவிடும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திருப்பும்போதுகூட இது நடக்கும். கொண்டை ஊசி வளைவில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சமதரையில், மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜெக்கோடு ஸ்டாண்டும் கொடுத்து, முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஜெக்கை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். டயருக்கு அடியில் கட்டையைக் கொடுத்து நெம்பியும் பாருங்கள். ஒருவர் ஆட்டட்டும், மற்றவர் டோர்ச் அடித்துப் பார்க்கட்டும். ஆட்டம் ட்ரனியனிலா, சக்கர பெயாரிங்கிலா என்று அப்போது தெரியும். ஆட்டம் இல்லையென்றால், சக்கரம் தூக்கிய நிலையிலேயே கிரீஸ் துப்பாக்கியால் பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். இந்த மழைக்கு மாதம் ஒருமுறை செய்வது நல்லது.

மரையில் ஆட்டம் தெரிந்தால், தம்பி, கராஜுக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கராஜ் பாஸை இங்கே வரச் சொல்லுங்கள்.