பொனேர் தேசியக் கடற்பூங்கா

பொனேர் தேசியக் கடற்பூங்கா என்பது கரிபியக் கடலின் தென்பகுதியில், வெனிசுவேலாவுக்கு வடக்கே உள்ள பொனேர் தீவைச் சூழ்ந்த பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி ஆகும். 1979 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இப்பூங்கா, பொனேர் தீவையும் அதன் மேற்கே உள்ள மக்கள் வாழாத கிளைன் பொனேர் தீவையும் சுற்றி, உயர் ஓதக் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை பரவியுள்ளது. இதன் பரப்பளவு சுமார் 2,700 எக்டேர் ஆகும். பொனேர் 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சியாக உள்ளது.

அமைவு

இங்குள்ள பவளப்பாறைகள் கரையை ஒட்டியே தொடங்குகின்றன. எனவே பல இடங்களில் படகின்றிக் கரையிலிருந்தே நீரில் இறங்கி அவற்றைக் காணலாம். மழை குறைவான தீவு என்பதால் ஆற்று வண்டல் கடலில் கலப்பது அரிது. நீர் தெளிவாக இருக்கும். காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசுவதால் மேற்குக் கரை அமைதியானது. மூழ்குமிடங்கள் சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களால் குறிக்கப்பட்டுள்ளன.

பாதுகாப்பு விதிகள்

ஈட்டியால் மீன் பிடித்தல் 1971 இலும், பவளங்களை எடுத்தல் 1975 இலும் தடை செய்யப்பட்டன. நங்கூரம் பவளங்களை உடைப்பதால், படகுகள் நிலையான மிதவைகளில் கட்டப்படுகின்றன. 1992 முதல் பயனர்களிடம் கட்டணம் பெறப்படுகிறது. இத்தொகை பூங்காவின் பராமரிப்புக்குப் பயன்படுகிறது. மூழ்குவோர் கையுறை அணியக்கூடாது. முதலில் ஓர் அறிமுக மூழ்கலை முடிக்க வேண்டும். பாறையில் மோதாமல் உடலை மிதக்கும் நிலையில் வைத்திருக்கும் திறன் அதில் சோதிக்கப்படுகிறது. மூச்சுக்குழலுடன் மேற்பரப்பில் நீந்துவோரும் பவளங்களைத் தொடுதலும் அவற்றின்மீது நிற்றலும் கூடாது. பவளம் உயிருள்ள சிறு விலங்குகளின் கூட்டம். ஒரு மிதியில் உடைந்த கிளை மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

பாதிப்புகள்

விதிகளால் தடுக்க இயலாத சேதங்களும் உண்டு. 1983 இல் கரிபியக் கடல் முழுவதும் பரவத் தொடங்கிய நோயால், பாசியை மேய்ந்து வந்த கருமுள் கடல் முள்ளெலிகள் பெருமளவில் அழிந்தன. இதனால் பாசியை உண்ணும் கிளிமீன்களின் பங்கு மேலும் முக்கியமானது. 1999 நவம்பரில் லென்னி சூறாவளி வழக்கத்திற்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்தது. அதன் அலைகள் அமைதியான மேற்குக் கரையின் பவளங்களைச் சிதைத்தன. 2014 இல் புளோரிடாவில் முதலில் அறியப்பட்ட கல்பவளத் திசு இழப்பு நோய் 2023 இல் பொனேரை அடைந்தது. அதே ஆண்டில் கடல்நீர் வெப்பமடைந்ததால் பவளங்கள் வெளிறின. நோய் பரவாதிருக்க, மூழ்கல் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யுமாறு பயணிகள் அறிவுறுத்தப்பட்டனர்.

தீவின் பொருளாதாரம் மூழ்கல் சுற்றுலாவைப் பெரிதும் சார்ந்துள்ளதால், பவளப்பாறைகளின் நலனே தீவு மக்களின் வாழ்வாதாரமாகவும் விளங்குகிறது.