டிரெய்லர் விளக்கு மின்சுற்றுப் பழுதறிதல்

டிரெய்லர் விளக்கு மின்சுற்று என்பது உழவு இயந்திரம் அல்லது பார வண்டியின் மின்கலத்திலிருந்து, அதன் பின்னே இழுக்கப்படும் டிரெய்லரின் பின்விளக்கு, நிறுத்த விளக்கு, திருப்பக்காட்டி ஆகியவற்றுக்கு மின்சாரம் கொண்டு செல்லும் அமைப்பு ஆகும். சேலம் மாவட்டத்தின் ஜலகண்டாபுரம், எடப்பாடி, தாரமங்கலம் வட்டாரங்களிலும் நாமக்கல் சமவெளியிலும் கரும்பு, மரவள்ளிக்கிழங்கு, செங்கல் முதலியவை உழவு இயந்திரம் இழுக்கும் டிரெய்லர்களில் ஏற்றிச் செல்லப்படுகின்றன. இரவில் விளக்கு எரியாத டிரெய்லர் பின்னால் வருபவரின் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இச்சுற்றின் பழுது உயிரிழப்புக்குக் காரணமாகலாம். விளக்கு எரியாதபோது பல்பை மாற்றுவதே வழக்கம். ஆனால் பல நேரங்களில் பழுது இருப்பது பல்பில் அன்று. மின்னோட்டம் திரும்பி வரும் எர்த் இணைப்பிலேயே ஆகும்.

அமைப்பு

உழவு இயந்திரங்களில் பொதுவாக 12 வோல்ட் மின்கலம் பயன்படுகிறது. மின்கலத்தின் எதிர்முனை வண்டியின் இரும்புச் சட்டத்துடன் இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கம்பி மட்டுமே செல்கிறது. மின்னோட்டம் சட்டத்தின் வழியாகவே திரும்புகிறது. இத்திரும்பு பாதையே எர்த் எனப்படுகிறது.

இரண்டு வண்டிகளையும் ஏழு முனை பிளக் இணைக்கிறது. 12 வோல்ட் அமைப்புக்கான ஐ.எஸ்.ஓ. 1724 தரத்தின்படி முனைகள் பின்வருமாறு:

1 - இடது திருப்பக்காட்டி (மஞ்சள்)
2 - பின்புற மூடுபனி விளக்கு (நீலம்)
3 - எர்த் (வெள்ளை)
4 - வலது திருப்பக்காட்டி (பச்சை)
5 - வலது பின்விளக்கு (பழுப்பு)
6 - நிறுத்த விளக்கு (சிவப்பு)
7 - இடது பின்விளக்கு (கறுப்பு)

24 வோல்ட் வண்டிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 1185 தரத்தில் எர்த் 1ஆம் முனையில் அமைகிறது. பட்டறைகளில் கையில் கிடைத்த நிறக் கம்பியைப் பயன்படுத்துவதும் உண்டு. ஆகவே நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு முனையையும் சோதித்தறிதல் வேண்டும்.

எர்த் பழுது

3ஆம் முனைக் கம்பி அறுந்த பின்னும் சில டிரெய்லர்களில் விளக்குகள் எரியக் காணலாம். இழுவைக் கொக்கியும் அதன் முள்ளும் ஒன்றையொன்று தொடுவதால் மின்னோட்டம் அவ்வழியே திரும்புவதே இதற்குக் காரணம். ஆனால் துரு, வண்ணப்பூச்சு, மசகு, வயற்சேறு ஆகியவை இத்தொடர்பைக் கெடுக்கின்றன. மேலும் வண்டி இழுக்கும்போதும் தடை போடும்போதும் கொக்கி இடம் மாறுவதால் விளக்குகள் விட்டு விட்டு எரியும்.

சிறிதளவு மின்தடையும் ஒளியைப் பெரிதும் குறைக்கும். 21 வாட் நிறுத்த விளக்குகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 3.5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கின்றன. எர்த் பாதையில் 1 ஓம் தடை இருப்பின், சுமார் இரண்டரை முதல் மூன்று வோல்ட் அங்கேயே வீணாகிறது. இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தை விட வேகமாகக் குறைவதால், எஞ்சும் ஒளி பாதிக்கும் கீழாகிறது.

எர்த் முற்றிலும் அறுந்தால் மின்னோட்டம் வேறு வழி தேடும். தடையை மிதிக்கும்போது அது நிறுத்த விளக்கின் இழை வழியாக டிரெய்லர் சட்டத்தை அடைந்து, பின்விளக்கின் இழையில் எதிர்த்திசையில் ஏறி, முன்வண்டியின் பின்விளக்கு வழியாகத் திரும்புகிறது. எனவேதான் தடையை மிதித்தால் பின்விளக்கு மங்கலாக எரிகிறது.

அறிகுறிகளும் காரணங்களும்

- ஒரு விளக்கை இயக்கினால் மற்றொன்றும் மங்கலாக எரிதல்: எர்த் பழுது
- எல்லா விளக்குகளும் எரியாமை: பியூஸ், பிளக் அல்லது எர்த்
- ஒரு விளக்கு மட்டும் எரியாமை: பல்பு, ஹோல்டர் அல்லது அதன் கம்பி
- திருப்பக்காட்டி வழக்கத்தை விட வேகமாக மினுக்குதல்: ஒரு பல்பு எரிந்து போயிருத்தல்
- பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் பியூஸ் போதல்: உறை தேய்ந்த கம்பி சட்டத்தில் உரசுதல்

சோதிக்கும் முறை

1. பிளக்கைக் கழற்றி, முன்வண்டியின் சாக்கெட்டை முதலில் சோதிக்க வேண்டும். ஒருவர் தடையை மிதிக்க, 6ஆம் முனைக்கும் 3ஆம் முனைக்கும் இடையே 21 வாட் பல்பாலான சோதனை விளக்கை வைக்க வேண்டும். அது எரியாமல், 6ஆம் முனைக்கும் முன்வண்டிச் சட்டத்துக்கும் இடையே எரிந்தால் சாக்கெட்டின் எர்த் பழுதாகியுள்ளது.
2. சாக்கெட் சரியாக இருப்பின் பிளக்கை மாட்டி, மின்கலத்தின் எதிர்முனையிலிருந்து தனிக் கம்பி ஒன்றை டிரெய்லர் சட்டத்தின் சுரண்டிய இரும்புப் பகுதியில் தொட வேண்டும். விளக்குகள் சீரானால் பழுது இரு வண்டிகளுக்கும் இடையிலான எர்த்தில் உள்ளது.
3. சீராகாவிடில் அதே கம்பியை ஹோல்டரின் உலோக உடலில் தொட வேண்டும். அப்போது எரிந்தால் ஹோல்டருக்கும் சட்டத்துக்கும் இடையே துரு பிடித்துள்ளது.
4. அப்போதும் எரியாவிடில் பல்பையும், அதற்கு வரும் கம்பியையும் சோதிக்க வேண்டும்.

மல்டிமீட்டர் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுப்பதால், ஓர் இழை மட்டும் மீந்துள்ள கம்பியிலும் 12 வோல்ட் காட்டும். சோதனை விளக்கோ அக்கம்பியில் மங்கலாகவே எரியும். இக்காரணத்தால் இங்கு சோதனை விளக்கே கூடுதல் நம்பகமானது.

சீரமைப்பு

பின்விளக்குகள், நிறுத்த விளக்குகள், ஒரு திருப்பக்காட்டி ஆகியவை ஒரே நேரத்தில் எரியும்போது சுமார் 6 ஆம்பியர் எர்த் கம்பி ஒன்றின் வழியாகவே திரும்புகிறது. எனவே அது மற்றக் கம்பிகளை விடத் தடிமனாக இருத்தல் நன்று. பூச்சைச் சுரண்டி, வளைய முனையுடன் மரைதிருகி இறுக்கிய பின்னரே மேலே மசகு தடவ வேண்டும். வண்டி திரும்பும்போது கம்பி இழுபடாதவாறு கொக்கியருகே சிறிது தளர்வு விட வேண்டும். சட்டத் துளைகளில் ரப்பர் வளையம் பொருத்த வேண்டும். அடிக்கடி போகும் பியூசுக்குப் பதிலாகக் கம்பித் துண்டைச் சுற்றுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

சட்டமும் பாதுகாப்பும்

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105ஆம் விதி விளக்குகளைப் பற்றியது. பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என அது கூறுகிறது. மின்சுற்று சீராக இருந்தாலும், பின்னே நீண்டு தொங்கும் கரும்புத் தோகை விளக்கை மறைத்துவிடும். மின்சாரம் தேவைப்படாத ஒளிதெறிப்பான்கள், சாலையோரம் நிறுத்திய டிரெய்லரையும் பின்வரும் வண்டியின் வெளிச்சத்தில் காட்டுகின்றன. அவை விளக்குகளுக்குத் துணையே அன்றி மாற்று ஆகா.

இவற்றையும் பார்க்க

- உழவு இயந்திரம்
- மின்தடை
- உருகி
- ஜலகண்டாபுரம்