பழைய பிக்கப்பில் கரகரக்கும் குரல்: குறைந்த செலவில் ஸ்பீக்கர் மாற்றுவது எப்படி?



விடியப்புறம் வேலைக்கு வெளிக்கிட்டு, பழைய பிக்கப்பில் வானொலியைப் போட்டால் குரல் கரகரவென்று வருகிறது. செய்தியில் எந்த ஊரின் பெயரைச் சொன்னார்கள் என்றே விளங்கவில்லை. கடைக்குப் போனால் பெட்டியில் '300 வாட்ஸ்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. வாடகையும் ஊருக்கு அனுப்பும் காசும் போக மிஞ்சுவதில் எதை வாங்குவது? இம்மாதம் அதைப் பார்ப்போம்.

முதலில் பிழை எங்கே என்று கண்டுபிடியுங்கள். றேடியோவில் சத்தத்தை இடம், வலம், முன், பின் என்று மாற்றி ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேளுங்கள். எல்லாவற்றிலும் ஒரே கரகரப்பு என்றால் பிழை றேடியோவிலோ அன்ரெனாவிலோ இருக்கலாம். கதவைத் திறந்து மூடும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால், கதவுக்குள் போகும் வயரைப் பாருங்கள். வயர் முறிந்திருந்தால் புது ஸ்பீக்கர் போட்டும் பயனில்லை.

பழைய ஸ்பீக்கர்கள் பலவற்றில் கடதாசிக் கூம்பைச் சுற்றி ஸ்பொஞ்ச் வளையம் இருக்கும். வெயிலிலும் ஈரத்திலும் அது காலப்போக்கில் உதிர்ந்துவிடும். கரகரப்புக்கு இது ஒரு முக்கிய காரணம். ஆகவே புதிதாக வாங்கும்போது இறப்பர் வளையம் உள்ளதைத் தேடுங்கள்.

அடுத்தது அளவு. உதாரணமாக 1997 முதல் 2003 வரையான ஃபோர்ட் எப்-150 பிக்கப்பின் முன்கதவுகளில் இருப்பது 6×8 அங்குல நீள்வட்ட ஸ்பீக்கர். 5×7 என்று விற்பவையும் பெரும்பாலும் அதே துளைகளில் பொருந்தும். மற்ற வாகனங்களில் அளவு வேறு. கழற்றி அளந்த பிறகே வாங்குங்கள். ஆழத்தையும் கண்ணாடியை முழுதாக இறக்கி வைத்து அளக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி காந்தத்தில் முட்டும்.

இனி அந்த 300 வாட்ஸ் கதை. அது ஒரு கணம் தாங்கக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் அளவை 'ஆர்.எம்.எஸ்.' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். வாகனத்தோடு வந்த சாதாரண றேடியோ ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுப்பதோ ஏறக்குறைய 10 முதல் 20 வாட்ஸ் வரைதான். எனவே 300க்குக் கொடுக்கும் காசு வீண்.

நீங்கள் பார்க்கவேண்டிய இலக்கம் 'சென்சிற்றிவிற்றி'. அது டெசிபெல்லில் இருக்கும். 3 டெசிபெல் கூடினால், அதே சத்தத்துக்குப் பாதி வாட்ஸ் போதும். அதாவது 86 டெசிபெல் ஸ்பீக்கர் 60 வாட்ஸில் தரும் சத்தத்தை 92 டெசிபெல் ஸ்பீக்கர் 15 வாட்ஸிலேயே தந்துவிடும். தனி அம்பிளிபையர் இல்லாதவர்கள் 90க்கு மேல் உள்ளதை எடுங்கள். பழைய ஸ்பீக்கரில் 4 ஓம்ஸ் என்றிருந்தால் புதிதும் 4 ஓம்ஸாகவே இருக்கட்டும். 2 ஓம்ஸ் ஸ்பீக்கரைப் பொருத்தினால் றேடியோ சூடாகிப் பழுதாகலாம்.

காசு மட்டுமட்டு என்றால் முன்பக்கச் சோடியை மட்டும் மாற்றுங்கள். ஓட்டுபவரின் காதுக்குக் கிட்ட இருப்பது அதுதான். பெரிய ஒலியும் சிறிய ஒலியும் ஒன்றாகவே பொருத்திய 'கோஅக்ஸியல்' வகை போதும். 100 டொலருக்குள் சோடி கிடைக்கும். வயரை வெட்டாமல், உங்கள் வாகனத்துக்கென்று விற்கும் இணைப்பு வயரையும் கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும்போது பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு பக்கமும் நேர், மறை சரியாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மாறினால் அடித்தொனி காணாமல் போய்விடும். சந்தேகமென்றால் 1.5 வோல்ட் பற்றரியை ஸ்பீக்கரில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே தள்ளினால், பற்றரியின் நேர் முனை தொட்ட பக்கமே ஸ்பீக்கரின் நேர் முனை. கடைசியாக, கதவுக்குள் இருந்த பிளாஸ்ரிக் தாளைத் திரும்பவும் ஒட்ட மறக்காதீர்கள். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான்.

பெட்டியில் உள்ள பெரிய இலக்கத்தை விட்டுவிட்டுச் சிறிய இலக்கங்களை வாசியுங்கள். காசும் மிஞ்சும், செய்தியில் சொல்லும் ஊரின் பெயரும் தெளிவாகக் கேட்கும்.