நெதர்லாந்தில் எனக்கு வந்த தண்ணி பில்

2018-ல் ஆபீஸ் வேலையாக குடும்பத்தோடு நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் போய் இறங்கினேன். குடிதண்ணீர் கம்பெனி பில் வந்தது, கட்டினேன். கொஞ்ச நாளில் இன்னொரு கவர். இதுவும் தண்ணிக்குத்தான், ஆனா அனுப்பினது வேற ஆள். ஒரே தண்ணிக்கு ரெண்டு பில்லா என்று கடுப்போடு தேட ஆரம்பிச்சதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

ரெண்டாவது பில் 'வாட்டர்ஸ்ஹாப்' என்ற அமைப்புக்கு. நீர் வாரியம் என்று சொல்லலாம். கரையைக் காப்பது, கால்வாய் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்வது, கழிவுநீரைச் சுத்திகரிப்பது எல்லாம் அவர்கள் வேலை. நெதர்லாந்தில் சுமார் 26 சதவீத நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே. (பாதிக்கு மேல் கீழே என்று ஐ.நா.வின் காலநிலை அறிக்கையே ஒருமுறை தப்பாகப் போட்டு, 2010-ல் திருத்த வேண்டியதாயிற்று. இணையத்தில் இன்னமும் பழைய எண்தான் சுத்திக்கிட்டிருக்கு.) பம்பு நின்றால் அந்த நிலத்தில் தண்ணி ஏறும்.

எங்கள் பகுதிக்கான ரைன்லாந்து வாரியத்துக்கு 1255-ம் ஆண்டு ஆவணம் இருக்கிறது. நெதர்லாந்து என்ற நாடே அப்போ கிடையாது. கரை உடைஞ்சா எல்லார் வயலும் போகும் என்பதால் ஊர்க்காரங்களே கூடி ஆரம்பித்த ஏற்பாடு. நிலத்துக்கு ஏற்ப ஆளுக்கு இவ்வளவு நீளக் கரை என்று பங்கு. பராமரிக்க முடியாதவன் தன் மண்வெட்டியைக் கரையில் குத்திவிட்டுப் போய்விட வேண்டும். அதைப் பிடுங்குகிறவனுக்கு அந்த நிலமும் சொந்தம், கரை வேலையும் அவன் தலையில். இரக்கமே இல்லாத விதிதான். ஆனா தண்ணியும் இரக்கம் பார்க்காதே.

உடலுழைப்பு போய் மெல்லமெல்லப் பணமாக மாறியது. அப்புறம் கடன். லெக் ஆற்றங்கரை வாரியம் ஒன்று 1648-ல் ஆயிரம் கில்டருக்கு ஆட்டுத்தோலில் ஒரு கடன்பத்திரம் எழுதிக் கொடுத்தது. முதலைத் திருப்பித் தர வேண்டாம், வட்டி மட்டும் காலாகாலத்துக்கும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2003-ல் அதை விலைக்கு வாங்கி, 2015-ல் பன்னிரண்டு வருஷ வட்டி 136 யூரோ 20 சென்ட்டை வசூலித்தது. அந்த வாரியம் வேறொன்றில் கரைந்துபோய் ரொம்ப நாளாச்சு, ஆனா வாரிசு வாரியம் பேசாம எடுத்துக் கொடுத்திருக்கிறது. ஏழெட்டு வருஷப் பழைய கோடையே யாரும் தொட பயப்படும் தொழிலில் இருப்பவன் நான். வாயடைச்சுப்போச்சு.

இது சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 1953 பிப்ரவரி முதல் தேதி விடியலில் கடல் பொங்கி 1,836 பேர் செத்தார்கள். அப்போது நாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிக் குட்டி வாரியங்கள்; நல்ல கரை கட்ட அவற்றுக்கு வசதி போதாது. அதற்குப் பிறகுதான் இணைத்து இணைத்து இன்று 21-க்கு வந்திருக்கிறார்கள். வாரியங்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் தரவென்றே 1954-ல் ஒரு வங்கியும் தொடங்கினார்கள்.

இப்போ காசு எப்படி வருது? வாரியங்கள் தங்கள் செலவில் பெரும்பகுதியைத் தாங்களே வரி போட்டு எடுத்துக்கொள்கின்றன. நீர் மேலாண்மை வரி குடியிருக்கும் வீட்டுக்கு இவ்வளவு, கட்டட உரிமையாளருக்கு மதிப்பைப் பொறுத்து, விவசாயிக்கு ஹெக்டேர் கணக்கு. சுத்திகரிப்பு வரியில் தனியாக இருப்பவருக்கு ஒரு யூனிட், இரண்டு பேரோ அதுக்கு மேலோ இருந்தால் மூணு யூனிட். நாங்கள் நாலு பேர், பக்கத்து வீட்டில் கணவன் மனைவி மட்டும், ரெண்டு வீட்டுக்கும் ஒரே தொகை! தண்ணிக்கென்று வசூலித்தது தண்ணிக்கே போகும். பட்ஜெட்டில் பள்ளிக்கூடத்தோடும் ராணுவத்தோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பெரிய கரைகளைப் பலப்படுத்தும் செலவுக்கு எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பாதி மத்திய அரசு, 40 சதவீதம் எல்லா வாரியங்களும் சேர்ந்து, மீதி 10 சதவீதம் வேலை செய்யும் வாரியமே. அந்தப் பத்தில்தான் சூட்சுமம் என்பது என் அபிப்பிராயம். முழுக்க ஊரார் காசு என்றால் தங்கத்திலேயே கரை கேட்பார்கள்.

சண்டையும் நிறைய. ஒவ்வொரு பகுதியிலும் நீர்மட்டம் எவ்வளவு என்று முடிவு செய்வது வாரியம். டிராக்டர் இறங்க, மாடு மேய, விவசாயிக்கு மட்டம் தாழ இருக்கணும். ஆனா தாழ்ந்தால் அங்கிருக்கும் கரிமண் காற்றுப்பட்டு மக்கி, நிலம் வருஷா வருஷம் அமுங்குகிறது. மரத்தூண் அஸ்திவாரத்தில் நிற்கும் பழைய வீடுகளில் தூணின் தலை காற்றுப்பட்டு அழுகும். நிலம் இறங்க இறங்க இன்னும் பம்பு பண்ணணும், பண்ணினால் இன்னும் இறங்கும். எண்ணூறு வருஷமா ஓடும் லூப் இது. பிரேக் கண்டிஷனை இன்னும் யாரும் எழுதவில்லை. காய்ந்தாலும் ஆபத்துதான்: 2003 கோடை வறட்சியில் வில்னிஸ் ஊரின் கரிமண் கரை காய்ந்து எடை குறைந்து, அப்படியே நகர்ந்து, வெள்ளம் ஊருக்குள் வந்தது. மழையே இல்லாம வெள்ளம்.

அப்போ மட்டத்தை யார் முடிவு பண்றாங்க? நாலு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். 2008-ல் தபால் ஓட்டு நடத்தினப்போ கால்வாசிப் பேர்தான் போட்டார்கள். 2015-லிருந்து மாகாணத் தேர்தல் நாளிலேயே வைக்க, 2019-ல் பாதியைத் தாண்டியது. விவசாயிகளுக்கும் தொழில்களுக்கும் இயற்கைப் பகுதி நிர்வாகிகளுக்கும் தேர்தல் இல்லாத ஒதுக்கீட்டு இடங்கள் இருந்தன. நியாயமா என்று வருஷக்கணக்கில் விவாதம் நடந்து, 2023 தேர்தலில் தொழில்களின் இடங்களை எடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டுக்கும் தலா இரண்டு மிச்சம்.

2019 மார்ச்சில் எனக்கும் ஒரு வாக்குச்சீட்டு அழைப்பு வந்தது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்னால் மாகாணத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ ஓட்டுப் போட முடியாது. நீர் வாரியத்துக்கு மட்டும், பதினெட்டு வயது ஆகி, முறைப்படி அங்கே குடியிருந்தால் போதும். என் டச்சு சகாக்கள் கையில் இரண்டு அட்டை, என் கையில் ஒன்று. வரிசையில் நின்று, தூண் அழுகும் வீடுகளைப் பற்றிப் பேசிய ஒரு கட்சிக்குச் சிவப்புப் பென்சிலால் குறி போட்டுவிட்டு ஆபீஸுக்குப் போனேன்.