சொல்லத் தெரியாத பிள்ளைகளைக் காப்போம்



அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் மீது தொழுகையோ நோன்போ கடமையில்லை என்பது ஃபிக்ஹுச் சட்டம். கடமைகள் அவர்களை விட்டு நீங்கினவே தவிர, அவர்கள் விஷயத்தில் நம் மீதுள்ள கடமை நீங்கவில்லை. “ஒன்றும் அறியாத பிள்ளையை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்?” என்று எண்ணுகிறோம். சொல்லத் தெரியாது என்பதாலேயே கயவர்கள் அவர்களைத் தேடுகிறார்கள்.

சென்னை அயனாவரத்தில் 2018 ஜூலையில் வெளியான கொடுமை நினைவிருக்கும். செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமி. கொடுமை செய்தவர்கள் குடியிருப்பில் வேலை செய்து அன்றாடம் பழகியவர்கள். பல மாதங்கள் வீட்டாருக்குத் தெரியவில்லை. 2020 பிப்ரவரியில் 15 பேரைக் குற்றவாளிகள் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரிலும் 2023 பிப்ரவரியில், ஒரு காப்பகத்திலிருந்து மனநலம் பாதித்தோர் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். பாலியல் கொடுமைப் புகாரும் எழுந்து, விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடம் சென்றது. எனவே பிள்ளையை ஓர் இல்லத்தில் சேர்த்தால், முன்னறிவிப்பின்றி வெவ்வேறு நேரங்களில் சென்று பாருங்கள். பார்க்க அனுமதி மறுக்கும் இடம் நம் பிள்ளைக்கு உரியதன்று.

உடலைப் பற்றிப் பிள்ளையிடம் பேசுவது வெட்கம் என்கிறார்கள். சிறுவர்களும் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனம் கற்பிக்கிறது. மறைவின் ஒழுக்கத்தைப் பிள்ளைப் பருவத்திலேயே சொல்லித்தரும் மார்க்கம் இது. சிறு சொற்களில், படம் அல்லது பொம்மையைக் காட்டி, ஒரே செய்தியைப் பல நாள் சொல்லுங்கள். கழுவிக்கொள்ளவும் உடை மாற்றவும் தானே பழகிவிட்டால், பிள்ளையின் உடலைத் தொடும் கைகள் குறையும். இன்னொன்று: பெரியவர்கள் எது சொன்னாலும் கேட்க வேண்டும் என்றே இப்பிள்ளைகளைப் பழக்கிவிடுகிறோம். மாமாவே ஆனாலும் முத்தம் தர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். “வேண்டாம்” என்று சொல்ல அங்கேதான் கற்கிறது.

திடீரென்று படுக்கையை நனைத்தல், தூங்காமை, ஒருவரையோ ஒரு வண்டியையோ கண்டு அலறுதல். இவற்றைக் கண்டதும் ஜின்னின் தீண்டல் என்று ஓதிப் பார்க்க அழைத்து வருகிறார்கள். ஓதுவதை நான் மறுக்கவில்லை. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளை யாருடன் தனித்திருந்தது என்று விசாரியுங்கள்.

உறவினர் என்பதற்காக மூடி மறைப்பது கூடாது. நெருங்கிய உறவினருக்கு எதிராகவும் சாட்சி சொல்லப் பணிக்கிறது அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம். ஜமாஅத்தில் பேசி முடிக்கும் விவகாரமும் இதுவன்று. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 1098 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி வாக்குமூலம் பெற வேண்டும். பிள்ளையின் பேச்சைப் புரிந்த சிறப்பு ஆசிரியரின் உதவியையும் பெறலாம். குறைபாட்டைப் பயன்படுத்திப் பாலியல் வல்லுறவு செய்தவனுக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி குறைந்தது 20 ஆண்டு சிறை.

இச்சட்டம் 18 வயதோடு நின்றுவிடும். மன வயது ஆறேயானாலும் உடலின் வயதே கணக்கு என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் பொதுத் தண்டனைச் சட்டமே துணை. ஆகவே பிள்ளைக்கு 18 நிறையும்போதே, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப் பாதுகாவலர் நியமனத்திற்கு விண்ணப்பியுங்கள். தாய் தந்தையருக்குப் பின் பிள்ளையை யார் கவனிப்பது என்பதை நீங்கள் உயிரோடிருக்கும்போதே எழுத்தில் முடிவு செய்யுங்கள்.