வீட்டுத் தறியும் வீட்டு அலுவலகமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல்)

'வீட்டிலிருந்தே வேலை' என்னும் சொல் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்த பின்னரே நம் வாயில் புகுந்தது. அந்த எண்ணமோ பழையது. அலுவலகத்துக்கு ஆட்களை வரவழைப்பதற்குப் பதில் தொலைத்தொடர்பு வழியே வேலையை வீட்டுக்கு அனுப்பலாமே என்று 1973-இலேயே அமெரிக்கரான ஜாக் நில்ஸ் சொல்லி, அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். ஆனால், பெரிய காஞ்சிபுரத்தில் பிறந்த எனக்கு இதில் புதுமை ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் தெருவில் வீடுதான் தொழிற்கூடம்.

கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ பட்டு நூலும் சரிகையும் கொடுப்பார்கள். நெய்பவர் தம் வீட்டுத் தறியில் நெய்து, புடவையை ஒப்படைத்துக் கூலி பெற்று வருவார். எங்கள் கூடத்தில் பாதி இடம் தறிக்கு, மீதியில் நாங்கள். பேருந்துச் செலவில்லை, வீட்டார் அனைவரும் கைகொடுக்கலாம் என்பது உண்மையே. ஆனால் இடமும் நம்முடையது, இடரும் நம்முடையது. ஐப்பசி மழையில் தறிக்குழியில் நீர் ஊறினால் அன்றைய கூலி போயிற்று. அலுவலகமாயின் கூரை ஒழுகுவது நிர்வாகத்தின் தலைவலியல்லவா!

நான் தொழில் பழகியது கோர்வையில். புடவையின் உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் தனித்தனி ஊடை கொண்டு நெய்து, இரண்டையும் பிரியாதபடி பிணைப்பதே கோர்வை. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவருக்குத் துணையாகப் பக்கத்தில் இன்னொருவரும் வேண்டும். கூலி சற்றுக் கூடுதல். விடுமுறை நாட்களில் அந்தத் துணை நான்தான். அப்பா பேசமாட்டார். நான் ஊடையை இறுக்கி இழுத்துவிட்டால் மட்டும், திரும்பிப் பாராமலே, "தளத்துடா" என்பார். ஓசையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே எங்கள் வீட்டு வேலையில், கற்பவனுக்கும் கற்றவருக்கும் இடையே இருந்த தூரம் ஒரு முழம்.

எதிர்வீட்டு அண்ணன் 2021-இல் சென்னையிலுள்ள ஒரு கணினி நிறுவனத்தில் சேர்ந்தார். மடிக்கணினி தபாலில் வந்தது. தெருவே கூடிப் பார்த்தது. அதன்பின் அவர் பட்ட பாடு பலருக்குத் தெரியாது. சின்ன ஐயம் ஒன்றைக் கேட்க, முகமறியாத மேலதிகாரிக்குச் செய்தி எழுதுவார். 'இது கூடத் தெரியாதா என்று நினைப்பாரோ' என்று அழித்துவிடுவார். பக்கத்து மேசைக்காரரிடம் அரை நிமிடத்தில் தீரக்கூடியது இரண்டு நாள் இழுக்கும். கூட்டத்தில் வாய் திறந்தால் தறிச்சத்தம் உடன் போகும். அதனால் பேசவே மாட்டார். ஐந்தாம் மாதம், முன்னேற்றம் போதாது என்று நிறுத்திவிட்டார்கள். அவர் அறிவில்லாதவர் அல்லர். எனக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

சீனப் பயண நிறுவனம் ஒன்றில் நிக்கோலஸ் புளூம் முதலியோர் நடத்திய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. ஒன்பது மாதம் வீட்டிலிருந்து தொலைபேசிப் பணி செய்தவர்களின் வேலைத்திறன் 13 விழுக்காடு உயர்ந்தது என்பதை எல்லாரும் மேற்கோள் காட்டுகின்றனர். அதில் சேர்வதற்கு வைத்த நிபந்தனைகளை யாரும் சொல்வதில்லை: குறைந்தது ஆறு மாதப் பணி அனுபவம், வீட்டில் தனி அறை, இணைய இணைப்பு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்த ஆய்வில் இடமே இல்லை! தனி அறை என்ற நிபந்தனையைப் படித்தபோது எங்கள் கூடத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். சோதனை முடிந்ததும் ஏறத்தாழப் பாதிப்பேர் தனிமை தாளாமல் அலுவலகம் திரும்பினர் என்பதும் அதே ஆய்வில் உள்ளது.

2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று மறுபக்கத்தையும் காட்டுகிறது. அருகருகே அமரும் மென்பொருள் பொறியாளர்களில் இளையோருக்குக் கூடுதலான திருத்தங்களும் அறிவுரையும் கிடைத்தன. ஆனால் சொல்லிக் கொடுத்த மூத்தோரின் சொந்த வேலை குறைந்தது. இது எனக்கு வியப்பளிக்கவில்லை. நான் கோர்வை பழகிய கோடையில் அப்பாவின் புடவைகள் தாமதமாயின. கற்பித்தலுக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்தாக வேண்டும். தொலைவிலிருந்து வேலை வாங்கும் நிறுவனம் அந்த விலையை மிச்சப்படுத்துகிறது என்றே எண்ணுகிறேன்.

அடுத்த ஆண்டு நமக்கும் நேர்முகத் தேர்வுகள் வரும். அலுவலகம் எப்படியிருக்கும் என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை. கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பேராசிரியரின் மகனாயின் ஐயத்தை இரவுச் சாப்பாட்டில் கேட்டுவிடலாம். என் போன்றோர்க்குப் பக்கத்து மேசையே துணை. ஆதலால், 'முதல் ஓராண்டு யார் அருகில் உட்காரவைப்பீர்கள்?' என்பதைச் சம்பளத்துக்கு முன்னதாகக் கேட்பதென்று இருக்கிறேன். தொழில் கைவந்த பிறகு வீட்டிலிருந்து செய்வதில் எனக்கு மறுப்பில்லை.

அம்மாவின் கணக்கு வேறு. வீட்டிலிருந்தே வேலையென்றால் விடுதி வாடகை மிச்சம். மாலையில் கோர்வைக்கும் ஆளுண்டு. சென்ற வாரம் என் முடிவைச் சொன்னபோது அம்மா எதுவும் பேசவில்லை. அப்பா சற்று நேரம் தார் சுற்றிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சரி, போ. இனிமே கோர்வை இல்லாத பாவே குடுங்கன்னு சங்கத்துல சொல்லிடறேன்."