நிற்கும் காட்டுக்கு யார் விலை தருவது?

பீடோங் வீடுகளுக்குக் குழாய்நீர் எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் கேட்டால், 'தண்ணீர்த் தொட்டியிலிருந்து' என்னும் விடை விரைந்து வரும். தொட்டிக்கு முன் ஆறு உண்டு. ஆற்றுக்கு முன் காடு உண்டு. கோலமூடா மாவட்டத்தின் நீர்த்தேவையில் பெரும்பங்கை நிறைவுசெய்யும் மூடா ஆறு, தாய்லாந்து எல்லையை ஒட்டிய உலு மூடா மலைக்காடுகளில் பிறக்கிறது.

அக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 1 இலட்சத்து 60 ஆயிரம் ஹெக்டர். மூடா, பெடு, ஆனிங் ஆகிய மூன்று அணைகளும் அதன் மழைநீரையே தேக்கி வைக்கின்றன. மூடா அணையின் நீர் 6.8 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கவழியாகப் பெடு அணையை அடைந்து, அங்கிருந்து கெடா, பெர்லிஸ் சமவெளியின் நெல்வயல்களுக்குப் பாய்கிறது. பினாங்கு மாநிலம் தன் கச்சாநீரில் 80 விழுக்காட்டுக்கும் மேலாக மூடா ஆற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. யானைகள் உப்புநீர் அருந்தக் கூடும் 'சிரா' எனப்படும் ஊற்றுகளும், இருவாய்ச்சிப் பறவைகள் கூடுகட்டும் பெருமரங்களும் அக்காட்டில் உள்ளன. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பின்படி மலாயாப் புலிகள் நாடு முழுவதிலும் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன. இத்தகைய காடுகள் சுருங்கினால் அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை.

அப்படியாயின் அரசு ஏன் ஒரே ஆணையால் இக்காட்டைக் காத்துவிடவில்லை? விடை அரசமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதன் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலமும் காடும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. அனைத்துலக உடன்படிக்கைகளில் கையெழுத்திடுவது கூட்டரசு. மரம் வெட்ட உரிமம் வழங்குவது மாநிலம். 2022 டிசம்பரில் மொன்றியலில் நிறைவேறிய குன்மிங்–மொன்றியல் உலகளாவிய உயிர்ப்பன்மைச் செயற்சட்டகம், 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைக் காக்க வேண்டும் என்கிறது. அக்குறிக்கோளை ஏற்ற கூட்டரசின் கையில் காடு இல்லை. காட்டைக் கையில் வைத்திருக்கும் மாநிலங்களுக்கோ வருவாய் வாயில்கள் மிகக் குறைவு. வெட்டிய மரம் மாநிலக் கருவூலத்துக்குப் பணம் தரும். வெட்டாத மரம் எதுவும் தராது. காடு அழிவதற்குப் பேராசையை மட்டும் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் நிதி ஏற்பாடே மாநிலத்தை அவ்வழியில் தள்ளுகிறது என்பதையும் நாம் காண வேண்டும்.

இம்முடிச்சை அவிழ்க்கும் முயற்சியே 'சூழலியல் நிதிப் பகிர்வு'. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு பணம் வழங்குவது இதன் அடிப்படை. 2019 வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு 6 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. அத்தொகை 2023இல் 15 கோடியாகவும், 2024இல் 20 கோடியாகவும், 2025இல் 25 கோடியாகவும் வளர்ந்தது. இவ்வெண்ணம் நம் நாட்டில் மட்டும் தோன்றியதன்று. பிரேசிலின் பரானா மாநிலம் 1991 முதலே விற்பனை வரியில் ஒரு பங்கை இயற்கையைக் காக்கும் நகராட்சிகளுக்குப் பிரித்தளிக்கிறது. இந்தியாவின் 14ஆம் நிதி ஆணையம் மாநிலங்களுக்கு வரியைப் பகிரும் சூத்திரத்தில் வனப்பரப்புக்கு 7.5 விழுக்காட்டு எடை தந்தது. 15ஆம் ஆணையம் அதை 10 ஆக்கியது. இந்திய முறையில் பங்கு சூத்திரத்திலேயே பதிந்திருக்கிறது. நம் முறையிலோ ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவு அறிவிப்பை எதிர்நோக்க வேண்டும். அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்று அறியாத மாநிலம், நெடுங்கால மர உரிமத்தைக் கைவிடத் தயங்குவது இயல்பே.

கெடா அரசு மூடா நீருக்கு ஈடாக ஆண்டுக்கு 5 கோடி வெள்ளி தருமாறு பினாங்கைக் கேட்டதும், ஆறு இருமாநில எல்லையில் ஓடுவதால் தரத் தேவையில்லை என்று பினாங்கு மறுத்ததும் நாளேடுகளில் அரசியல் சச்சரவாகவே இடம்பெற்றன. அதனுள்ளே நியாயமான வினா ஒன்று உண்டு: மேட்டில் இருப்பவர் வருவாயை இழந்து காக்கும் நீரைப் பள்ளத்தில் இருப்பவர் பெறும்போது, அந்த இழப்பை ஏற்பது யார்?

சட்டத்தின் வழியும் உண்டு. 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. நிரந்தர ஒதுக்கக் காட்டின் ஒரு பகுதியை நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும். நீக்கிய நிலத்துக்கு ஈடாக வேறு நிலத்தைச் சேர்க்க வேண்டும். ஆயினும் அத்திருத்தம் ஒரு மாநிலத்தில் செல்லுபடியாக, அம்மாநிலச் சட்டமன்றம் அதை ஏற்க வேண்டும்.

இதைப் பேசும் நாம் நம் வரலாற்றையும் மறைக்கலாகாது. பீடோங்கைச் சுற்றிய தோட்டங்கள் ஒருகாலத்தில் காடாக இருந்தவை. இரப்பருக்காகக் காட்டை அழிக்க முடிவெடுத்தவர் தோட்டத்துரைமார். வாளும் கோடரியும் ஏந்தியவருள் நம் பாட்டனார்களும் உண்டு. பின்னர் பால்மரமும் போய்ச் செம்பனை வந்தது. சமவெளிக் காட்டை மீண்டும் காணும் வாய்ப்பு அரிது. உலு மூடா இன்னும் நிற்கிறது. அதை எத்தனை ஆண்டுக்கு, எந்தப் பணத்தால் நிறுத்தி வைப்பது என்பது அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலும் பேசப்பட வேண்டிய கணக்காகவே இருக்கிறது.